தேவேந்திர முனையிலிருந்து ஒரு கோடு: மாலுமியின் பதக்க வரிசையை வாசிப்பது

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேசும்போது இடையில் வந்த சில கிளைக்கதைகள் நீக்கப்பட்டுள்ளன.)



கல்வெட்டும் நாணயமும் பேசப்பட்டு வந்த மேடை இது. நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் அந்த இரண்டுக்கும் தூரத்து உறவு. இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒரு மாலுமியின் பதக்க வரிசை. நான்கைந்து உலோகத் துண்டுகள், நிறம் மங்கிய நாடாக்கள். வீட்டில் கேட்டால் "தாத்தா வீரத்துக்கு வாங்கினது" என்பார்கள். அப்படிச் சொல்வதில் பாசம் இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் அது சரியல்ல. வீரச் செயலுக்குத் தரும் பதக்கம் தனி. இவை பணிப்பதக்கங்கள். இன்ன கடலில், இன்ன காலத்தில், இத்தனை நாள் இருந்தார் என்று அரசு தந்தவை.

பணிப்பதக்கம் என்பது அரசு தன் விதிப்புத்தகத்தை வைத்துப் போட்ட ஒரு கணக்கின் விடை. விதி தெரிந்தால், விடையிலிருந்து கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். அந்த மனிதர் எந்தக் கடலுக்குப் போனார், எதற்குப் பிறகு எது, குறைந்தது எவ்வளவு காலம் என்பதெல்லாம் வெளியே வரும். கணக்கில் சேர்க்காத எதையும் பதக்கம் சொல்லாது. என் பேச்சு முழுவதும் இவ்வளவுதான். மீதி எல்லாம் சான்று.

நடுகல் படித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். செங்கம் வட்டாரத்து நடுகல் ஒன்றை எடுத்துக்கொண்டால், அரசனின் ஆட்சியாண்டு, ஊர், கவர்ந்த அல்லது மீட்ட ஆநிரை, பட்டவன் பெயர் என்று ஒரு நாளைக் குறித்து வைத்திருக்கும். ஒரே சண்டை, ஒரே சாவு. பணிப்பதக்கமோ சண்டையைப் பற்றி வாயே திறக்காது. நாள்களை மட்டும் எண்ணும். நடுகல்லை வாசித்துப் பழகிய கண்ணோடு பதக்கத்தைப் பார்த்தால் தவறு செய்வோம் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

1. நாள் கணக்கு

இரண்டாம் உலகப் போருக்குப் பிரிட்டிஷ் அரசு முதலில் நிறுவியவை எட்டு நட்சத்திரப் பதக்கங்கள். ஆறு முனை கொண்டவை, மஞ்சள் நிற உலோகம், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முத்திரை எழுத்துகள், சுற்றிலும் பதக்கத்தின் பெயர். இவற்றோடு வட்ட வடிவில் வேறு சில பதக்கங்கள்.

பல நட்சத்திரங்களுக்கு வாசற்படி 1939–45 நட்சத்திரம். போர் நடவடிக்கை உள்ள கடற்பகுதியில் கப்பலில் ஆறு மாதம், அதாவது 180 நாள், இருந்த மாலுமிக்கு அது கிடைக்கும். அட்லாண்டிக் நட்சத்திரத்துக்கும் ஆறு மாதம்தான். ஆனால் அந்த ஆறு மாதத்தின் எண்ணிக்கை, முதல் நட்சத்திரத்தைச் சம்பாதித்த பிறகுதான் தொடங்கும். ஆகவே அட்லாண்டிக் நட்சத்திரம் அணிந்த மாலுமி ஒருவரைப் பார்த்தால், குறைந்தது ஓராண்டாவது கடலில் இருந்தவர் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். பணியில் இறந்தவருக்கும், காயப்பட்டுக் கரை சேர்ந்தவருக்கும் நாள் குறைந்தாலும் தருவார்கள். இப்படிச் சில விலக்குகள் உண்டு.

1939–45 போர்ப் பதக்கம் என்ற வட்டமான வெண்ணிறப் பதக்கத்துக்கு 28 நாள் முழுநேரப் பணி போதும். கரையிலேயே இருந்த எழுத்தருக்கும் கிடைக்கும். அதன் பின்பக்கத்தில் இரட்டைத் தலை டிராகனின் மேல் ஒரு சிங்கம் நிற்கிறது. பார்ப்பவர்கள் அதைத்தான் பெரிய பதக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லாவற்றிலும் எளிதில் கிடைத்தது அதுதான்.

2. கடலில் போட்ட கோடு

தரையில் எல்லை போட ஆறு இருக்கிறது, மலை இருக்கிறது. கடலில் எதை வைத்துப் போடுவது? பர்மா நட்சத்திரத்தின் விதியைப் பார்ப்போம். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை வங்காள விரிகுடாவில் பணியாற்றிய மாலுமிகளுக்கானது. விரிகுடா எங்கே முடிகிறது என்று சொல்ல ஒரு கோடு வேண்டியிருந்தது. இலங்கையின் தென்கோடி முனையில் தொடங்கி, நேர் தெற்கே 300 மைல். அங்கிருந்து சுமத்ராவின் தென்முனைக்கு மேற்கே 300 மைலில் உள்ள ஒரு புள்ளி. அதன்பின் கிழக்கே சுந்தா நீரிணையின் மேற்குப் பக்கம் வரை. இந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தால் எண்ணிக்கை உண்டு, வெளியே இருந்தால் இல்லை.

இலங்கையின் தென்கோடி முனை நமக்குத் தெரிந்த இடம். தேவேந்திர முனை, மாத்தறைக்குப் பக்கம். லண்டன் அலுவலகத்தில் வரைபடத்தின் மேல் அளவுகோல் வைத்துப் போட்ட கோட்டின் ஒரு முனை அங்கே இருக்கிறது.

1942 ஏப்ரலில் ஐந்தே நாளில் நடந்தவற்றை இந்தக் கோட்டின் இரு புறமும் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அதே நாள் இலங்கைக்குத் தென்மேற்கே திறந்த கடலில் கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரண்டு பெரிய குரூசர் கப்பல்களை விமானங்கள் மூழ்கடித்தன. 424 பேர் இறந்தார்கள். உயிர் தப்பிய 1,122 பேரை மறுநாள்தான் வேறு கப்பல்கள் வந்து மீட்டன. அதுவரை அவர்கள் நீரிலும் படகுகளிலும் கிடந்தார்கள். ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து தெற்கே விலகிப் போயிருந்த ஹெர்ம்ஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் அதோடு போனார்கள். சிதைந்த கப்பல் இன்றும் அங்கே கடலடியில் கிடக்கிறது.

மட்டக்களப்பு கோட்டுக்குக் கிழக்கே, உள்ளே. கார்ன்வாலும் டார்செட்ஷயரும் மூழ்கிய இடம் தேவேந்திர முனையின் தீர்க்கரேகைக்கு மூன்று டிகிரி அளவு மேற்கே, வெளியே. கொழும்புத் துறைமுகமும் மேற்கேதான். ஒரே ஜப்பானியப் படை, ஒரே வாரம், ஒரே விமானங்கள். ஒரு பக்கத்தில் நின்ற நாள் பர்மா நட்சத்திரத்தின் கணக்கில் ஏறும், மறுபக்கத்தில் நீந்திக்கொண்டிருந்த நாள் ஏறாது. யாரும் சதி செய்யவில்லை. கோடு என்று ஒன்று போட்டால் அது எங்கேயாவது விழத்தானே வேண்டும்?

நம் கடற்படையிலிருந்தே இன்னொரு சான்று. 1942 நவம்பர் 11. ஆஸ்திரேலியாவில் கட்டி முடித்துப் புதிதாகப் புறப்பட்ட பெங்கால் என்ற சிறிய கண்ணிவாரிக் கப்பல், ராயல் இந்தியக் கடற்படையைச் சேர்ந்தது. ஒண்டினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக வந்துகொண்டிருந்தது. கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே இரண்டு ஜப்பானியத் தாக்குதல் கப்பல்கள் எதிர்ப்பட்டன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல். பெங்காலிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்தது ஒரே ஒரு பன்னிரண்டு பவுண்டர் பீரங்கி. பெங்கால் திரும்பி ஓடவில்லை, எதிரியை நோக்கியே போனது. எதிரிக் கப்பல்களில் ஒன்றான ஹோகோகு மாரு தீப்பிடித்து வெடித்து மூழ்கியது. பெங்காலும் ஒண்டினாவும் அடிபட்டாலும் கரை சேர்ந்தன. யாருடைய குண்டு அந்த வெடிப்பைத் தொடங்கியது என்ற விவாதம் இன்றும் உண்டு. அது நமக்கு இங்கே வேண்டாம்.

அந்தச் சண்டை நடந்த இடம் பர்மா நட்சத்திரத்தின் கோட்டுக்கு வெகு தெற்கே. பசிபிக் நட்சத்திரத்தின் எல்லையோ கிறிஸ்துமஸ் தீவு வழியாக இறங்கி, கிழக்குத் தீர்க்கரேகை 110 டிகிரியை ஒட்டித் தெற்கே போகிறது. சண்டை நடந்தது அதற்கு மேற்கே. ஆக, ராயல் இந்தியக் கடற்படை அந்தப் போரில் நடத்திய மிகப் புகழ்பெற்ற கடற்சண்டை, எந்தக் களத்துக்குரிய நட்சத்திரமும் இல்லாத நீரில் நடந்தது. கப்பல் தலைவருக்கும் மாலுமிகள் சிலருக்கும் வீரப் பதக்கங்கள் வந்தன, அது வேறு கணக்கு. மற்றவர்களின் வரிசையை மட்டும் பார்ப்பவருக்கு அந்த நாள் தெரியவே தெரியாது.

3. ஒரு வரிசையைத் திருப்பிக் கணக்கிடுதல்

இனி ஒரு கப்பலைப் பின்தொடர்வோம். பெயர் ஜம்னா, ஸ்லூப் ரகப் போர்க்கப்பல். ஸ்காட்லாந்தில் டம்பார்ட்டன் என்ற ஊரில் கட்டி 1941 மே மாதம் பணியில் சேர்த்தார்கள். 1942 தொடக்கத்தில் ஜாவாக் கடற்பகுதியில் ஜப்பானிய விமானங்களோடு மல்லுக்கு நின்றது. 1943 ஜூலையில் சிசிலித் தீவில் நேசப்படைகள் இறங்கியபோது, தன் தோழமைக் கப்பலான சட்லெஜோடு அங்கே இருந்தது. 1945 ஜனவரியில் பர்மாவின் அரக்கான் கரையில், மியேபோன், காங்காவ் பகுதிகளில் படை இறங்கக் குண்டு பொழிந்து உதவியது.

இந்தக் கப்பலில்தான் முதன்முதலாகக் கடலுக்குப் போய், கடைசி வரை அதிலேயே இருந்த ஒரு மாலுமியை வைத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், விதியை ஓட்டிப் பார்ப்பதற்கான ஆள். அவர் மார்பில் என்னென்ன இருக்கும்?

1941 மே முதல் ஆறு மாதம். 1939–45 நட்சத்திரம் முடிந்தது. நவம்பருக்குப் பிறகு அட்லாண்டிக் நட்சத்திரத்துக்கு இன்னோர் ஆறு மாதம் வேண்டும். அதற்குள் கப்பல் கிழக்கே வந்துவிட்டது. ஆகவே பிரிட்டனின் கரைக்கடலில் பனிக்காற்றில் நின்று காவல் பார்த்தவர் என்றாலும் அவரிடம் அட்லாண்டிக் நட்சத்திரம் இருக்காது. ஜாவாக் கடலுக்காகப் பசிபிக் நட்சத்திரம் வரும். சிசிலிக்காக இத்தாலி நட்சத்திரம்.

அடுத்து அரக்கான். பர்மா நட்சத்திரம் வர வேண்டும் அல்லவா? வராது. பசிபிக், பர்மா இரண்டில் ஒன்றைத்தான் ஒருவர் அணியலாம். முதலில் எதற்குத் தகுதி வந்ததோ அந்த நட்சத்திரம் கிடைக்கும். அடுத்ததற்கு, முதல் பதக்கத்தின் நாடாவில் தைக்கும் ஒரு சிறு உலோகப் பட்டை மட்டும். அதில் 'பர்மா' என்று எழுதியிருக்கும். பதக்கம் அணியாமல் நாடா மட்டும் குத்திக்கொள்ளும் நாள்களில், அந்தப் பட்டைக்குப் பதிலாக நாடாவின் நடுவில் சின்னஞ்சிறு வெள்ளி ரோஜா ஒன்று வரும். மிளகு அளவுக்குச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான்.

அந்தப் பட்டை தையல் விட்டு எங்கோ விழுந்துவிட்டது என்று வையுங்கள். ரோஜா தொலைந்துவிட்டது. வரிசையில் பர்மா நட்சத்திரம் இல்லை. பேரன் என்ன சொல்வார்? "தாத்தா பர்மாவுக்குப் போனதாகச் சொல்வார், ஆனால் அதற்கு ஆதாரம் இல்லை" என்பார். ஆதாரம் இருந்தது, ஒரு நூல் இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. நாடாவில் இரண்டு ஊசித் துளைகள் தெரிகின்றனவா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். கிழவர் சொன்னது பொய் என்று முடிவு கட்டுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்குக்கு வரிசை மட்டும் போதாது. மாலுமியின் பணிச் சான்றேட்டில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை எந்தக் கப்பல் என்று இருக்கும். கப்பல் எங்கே இருந்தது என்பது வேறு ஆவணங்களில் இருக்கும். மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால்தான் வாசிப்பு நிற்கும்.

4. விளிம்பில் உள்ள பெயர்

நாம் கொடுத்துவைத்தவர்கள் என்று நான் நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. முதல் உலகப் போரின் பதக்கங்களில் பெற்றவரின் பெயர் பொறித்துக் கொடுத்த பிரிட்டன், இரண்டாம் போருக்குப் பிறகு தன் படையினருக்குப் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. ஒரு பிரிட்டிஷ் மாலுமியின் அட்லாண்டிக் நட்சத்திரம் கையில் கிடைத்தால், அது யாருடையது என்று பதக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. பெயர் பொறித்துக் கொடுத்த நாடுகள் மூன்று: ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இந்தியா. ஆஸ்திரேலியாவில் முன்னாள் வீரர்கள் போராடித்தான் அதைப் பெற்றார்கள்.

ஆகவே இந்திய மாலுமியின் நட்சத்திரத்தைத் திருப்பினால் வெறுமையான பின்பக்கத்தில் எழுத்து இருக்கும். வட்டப் பதக்கமானால் விளிம்பில். எண்ணும் பெயரும் இருந்தால் போதும், ஆளைத் தேட ஒரு நுனி கிடைத்துவிட்டது. பேரரசின் தலைநகரத்து ஏழை மாலுமிக்குக் கிடைக்காத ஒன்று, ஆளப்பட்ட நாட்டு மாலுமிக்குக் கிடைத்தது. இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வரலாற்று மாணவனுக்கு இருக்கிறது. நம் நாட்டு வீடுகளில் சிதறிக் கிடக்கும் இந்தப் பதக்கங்கள் பெயர் எழுதிய ஆவணங்கள்.

இன்னொன்று: இவை மலிவான உலோகம். நட்சத்திரங்கள் செம்பும் துத்தநாகமும் கலந்தவை, போர்ப் பதக்கம் செம்பும் நிக்கலும். அடகுக்கடைக்காரர் சீந்த மாட்டார். முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி. 1980-ஐ ஒட்டி வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது அவை எத்தனையோ உருக்கு உலைக்குப் போயின. மலிவு இவற்றைக் காப்பாற்றியது.

5. இந்தியப் பணிப்பதக்கம்

இந்தப் பதக்கத்தைத் தனியாகப் பேச வேண்டும். நட்சத்திரங்களுக்கு உள்ள கவர்ச்சி இதற்கு இல்லை. இந்தியப் படைகளில் மூன்றாண்டு, நேரடிப் போர் நடவடிக்கை சாராத பணி செய்தவர்களுக்கு என்று 1946 ஜூனில் நிறுவப்பட்டது. துறைமுகத்தில், பயிற்சி நிலையத்தில், கம்பியில்லாத் தந்தி அறையில் இருந்தவர்களையும் இது கணக்கில் எடுத்தது. முன்பக்கத்தில் மன்னரின் தலை. பின்பக்கத்தில் இந்தியாவின் மேடு பள்ளம் தெரியும் வரைபடம், மேலே 'இந்தியா', கீழே '1939–45'. பிரியாத இந்தியா. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அந்த வரைபடம் கிழிந்தது. கடற்படையும் பங்கு பிரிந்தது. ஸ்லூப் கப்பல்களில் சட்லெஜ், ஜம்னா, கிருஷ்ணா, காவேரி நான்கும் இந்தியாவுக்கு. நர்மதா, கோதாவரி இரண்டும் பாகிஸ்தானுக்கு. நர்மதை ஆறு இங்கே ஓட, அதன் பெயர் தாங்கிய கப்பல் அங்கே போய் ஜீலம் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

பதக்கம் நிறுவப்பட்ட தேதியை இன்னொரு தேதிக்குப் பக்கத்தில் வைக்கிறேன். 1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் தல்வார் என்ற தொலைத்தொடர்புப் பயிற்சி நிலையத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். உண்ண முடியாத சோறு, அதிகாரிகளின் இழிசொல், சம்பளத்தில் நிறபேதம், போர் முடிந்து வீட்டுக்கு அனுப்புவதில் இழுத்தடிப்பு. சில நாள்களில் 78 கப்பல்கள், 20 கரை நிலையங்கள், ஏறக்குறைய 20,000 மாலுமிகள் என்று பரவியதாகச் சொல்லப்படுகிறது. 23-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. நூற்றுக்கணக்கானோர் பணிநீக்கப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து இந்தியப் பணிப்பதக்கம்.

பதக்கத்தில் அந்தச் சோறு இல்லை, அந்த வசை இல்லை. பதக்கத்தின் கணக்கு 1945 செப்டம்பர் 2-ஆம் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. 1946 பிப்ரவரி அதன் நாள்காட்டியில் இல்லாத மாதம். ஒரே மனிதர் 1945 ஜனவரியில் அரக்கான் கரையில் பீரங்கிக்கு அருகில் நின்றிருக்கலாம், 1946 பிப்ரவரியில் அதே சீருடையில் முழக்கம் எழுப்பியிருக்கலாம். முதலாவதை அலமாரியிலும் இரண்டாவதைக் குடும்பப் பேச்சிலும் தேட வேண்டும். ஒன்றை வைத்து இன்னொன்றை மறுக்கக் கூடாது. 'வெள்ளைக்காரன் கொடுத்த பதக்கம்' என்று ஒதுக்குபவர்களும், கலகம் என்றால் முகம் சுளிப்பவர்களும் ஒரே ஆளைப் பாதியாக வெட்டுகிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

6. கணக்கு பிறகும் திருத்தப்படும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடதுருவ வட்டத்துக்கு மேலே, சோவியத் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுபோன கப்பல் தொடர்களில் இருந்தவர்கள் அட்லாண்டிக் நட்சத்திரத்தில் அடக்கப்பட்டிருந்தார்கள். தனிப் பதக்கம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2013-இல் ஆர்க்டிக் நட்சத்திரம் நிறுவப்பட்டது. அதற்கு நாள் கணக்கே கிடையாது, வட்டத்துக்கு வடக்கே எவ்வளவு காலம் இருந்தாலும் சரி. கேட்டவர்களில் பெரும்பாலோர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

சுதந்திர இந்தியாவும் கோடு போடும் பழக்கத்தை விடவில்லை. 1971 போரில் கிழக்குக்குப் பூர்வி நட்சத்திரம், மேற்குக்குப் பஸ்சிமி நட்சத்திரம், அவற்றோடு சங்கிராம் பதக்கம். வங்கக் கடலில் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் இருந்தவருக்கும் அரபிக் கடலில் இருந்தவருக்கும் நாடா வேறு. அந்தப் போரில் பங்கெடுத்த மாலுமிகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் பதக்கத்தையும் பார்க்கலாம், கேள்வியும் கேட்கலாம். 1945-இன் மாலுமியிடம் அது இனி நடக்காது.

ஆகவே மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன். ஊருக்குப் போகும்போது இப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால், எந்த வரிசையில் கோத்திருக்கிறது என்பதை முதலில் படம் எடுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் திருப்பி, பின்பக்கத்தையும் விளிம்பையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். நேர் வெளிச்சத்தில் பொறிப்பு தெரியாது. நாடாவின் முன்னும் பின்னும் எடுங்கள், ஊசித் துளை உட்பட. எண்ணை எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டார் உபசாரமாக, "இருங்கள், புளி போட்டுத் துலக்கிக் கொண்டு வருகிறேன்" என்று எழுந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். குத்துவிளக்குக்குச் செய்வதையே இதற்கும் செய்து, ஆயுத பூஜைதோறும் தேய்த்து, எண் மட்டும் மிஞ்சிப் பெயர் போன நட்சத்திரங்களை நான் பார்த்திருக்கிறேன்.